பூசணத்துக்கு நலம் விசாரித்தவர்

அவர் முதன்முதலாக எங்கள் மருந்தறைக்கு வந்தபோது எதையோ கைக்குட்டையால் மூடி, மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார். கையில் காயம் என்று நினைத்தேன். வருகிறவரிடம் என்ன கேட்க வேண்டும், எந்த வரிசையில் கேட்க வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். எங்கே, எப்போதிலிருந்து, வலி உண்டா, சூடு உண்டா, இதற்கு முன் யாராவது பார்த்தார்களா. வரிசை மாறாமல் கேட்டேன். அவரும் வரிசை மாறாமல் பதில் சொன்னார். சுரங்கத்தின் கீழ் லெவலில். மழைக்கு முன்னாலிருந்து. வலி இருக்க வாய்ப்பில்லை. சூடு ஓரளவு வேண்டும். இதுவரை யாரும் பார்க்கவில்லை, அதனால்தான் இவ்வளவு நன்றாக இருக்கிறது.

பிறகு கைக்குட்டையை விலக்கினார். உள்ளே ஒரு மரத்துண்டு. அதன்மேல் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளைப் பூசணம்.

“பாருங்கம்மா, எப்படிப் பூத்திருக்குன்னு,” என்றார். பிறந்த குழந்தையைத் தூக்கிவந்து காட்டுகிறவரின் குரல் அது.

நான் அப்போதுதான் சென்னப்பட்டணத்து மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் படிப்பை முடித்துவிட்டு, சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்துக்குப் பக்கத்தில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையில் இருந்த எங்கள் லைன் வீட்டுக்குத் திரும்பியிருந்தேன். சுரங்க ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அப்பா அதே சுரங்கத்தில் மரவேலை மேஸ்திரி. பூமிக்கடியில் பாறை இறங்காமல் இருக்க வழிநெடுக முட்டுமரங்கள் நிறுத்துவார்கள். அவற்றை நிறுத்துவதும், தட்டிப் பார்ப்பதும், கெட்டுப்போனால் மாற்றுவதும் அவர் பொறுப்பு. கைக்குட்டைக்காரருக்கு எங்கள் மருந்தறையில் வேண்டியிருந்தது மருந்தல்ல, மைக்ராஸ்கோப். அந்த வட்டாரத்திலேயே அது ஒன்றுதான் இருந்தது. டாக்டர் துரை மூன்று நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்தார்: நான் பக்கத்தில் இருக்க வேண்டும், கண்ணாடிமேல் மூச்சுவிடக்கூடாது, நோயாளிகள் காத்திருக்கும்போது தொடக்கூடாது. முதலாவதை மட்டும் கைக்குட்டைக்காரர் மதித்தார். அதுவும் நான் எழுந்து போகாததால்தான்.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. லைனில் யாரும் அந்தப் பெயரால் கூப்பிட்டதும் இல்லை. பூசணம் ஐயா என்றால் கைக்குழந்தைக்கும் தெரியும். இங்கே வருவதற்குமுன் குடகில் காப்பித் தோட்டங்களில் இருந்தவர். இலையில் துரு பிடிக்கும் நோயை ஆராய வந்த ஒரு வெள்ளைக்காரப் பண்டிதருக்குப் படம் வரைந்து கொடுப்பது அங்கே அவர் வேலை. அந்தப் படங்களில் சிலவற்றை என்னிடம் காட்டினார். இலை வெறும் கோடாக இருக்கும். அதில் இருக்கும் நோயின் ஒவ்வொரு பொடியும் நிறத்தோடும் நிழலோடும் இருக்கும். எங்கள் சுரங்கத்தில் முட்டுமரங்கள் ஏன் இவ்வளவு சீக்கிரம் உளுத்துப்போகின்றன என்று கண்டுபிடிக்க அவரை வரவழைத்திருந்தார்கள். படத்தைப் பார்த்த எனக்கு, மரத்துக்காக ஆளைக் கூப்பிட்டு, பூசணத்தின் உறவுக்காரரைப் பிடித்துவந்துவிட்டார்கள் என்று தோன்றியது.

அதை உறுதிப்படுத்தியது எங்கள் வீட்டு ஊறுகாய். ஒருநாள் மத்தியானம் அப்பா அவரைச் சாப்பிட அழைத்துவந்தார். அம்மா நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடியைத் திறந்தாள். அவர் இலையில் போட்ட சோற்றைத் தொடாமல் ஜாடிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு வாசலில் பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்றுபேர் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஓரத்தில் அருமையாக வந்திருக்கிறது, பச்சையும் கறுப்புமாக இரண்டு ஜாதி, ஒரு வாரம் கடன் கொடுக்க முடியுமா என்று கேட்டார். அம்மா ஜாடியை மூடினாள். அன்று அவளுக்கு வந்த கோபம் என் கல்யாணப் பேச்சு முறிந்தபோதுகூட வரவில்லை. ஈரக் கரண்டி போட்டது யார் என்ற விசாரணை எங்கள் வீட்டில் பல நாள் நடந்தது.

ஆனால் அவருக்கு அது அவமதிப்பு என்று தெரியவே தெரியாது. யார் வீட்டுக்குப் போனாலும் மனிதர்களை நலம் விசாரிப்பதற்குமுன் மூலையில் இருக்கும் பூசணத்தை விசாரிப்பார். மழைக்காலத்தில் பூத்துப்போன செருப்பு, ரொட்டித் துண்டு, ஜெபப் புத்தகத்தின் தோல் அட்டை, எல்லாவற்றையும் எடுத்துத் திருப்பி, போன தடவைக்கு இளைத்திருக்கிறதே, யாராவது துடைத்தீர்களா என்று வருத்தப்படுவார். அவர் பூசணம் சேகரிக்கும் தகர டப்பாவைத் திறந்தபடி வெளியே வந்த வீட்டுக்கு லைனில் பேர் கெட்டுவிடும். அதனால் அவர் தெருமுனையில் தெரிந்தாலே பெண்கள் பானைகளைக் கவிழ்த்துக் கழுவத் தொடங்குவார்கள். எங்கள் வரிசை அந்த வருஷம்போல் சுத்தமாக இருந்ததில்லை. கழிச்சலுக்கு மருந்து கேட்டு வருகிறவர்கள் குறைந்தார்கள். டாக்டர் துரை தான் போட்ட சுகாதார நோட்டீஸ்தான் காரணம் என்று நம்பினார். அந்த நோட்டீசின் கீழ் மூலையில் படிந்திருந்ததை ஐயா சுரண்டி எடுத்துப்போயிருந்தார்.

பூதிகோட்டையிலிருந்து ஒரு விவசாயி, ஊரைவிட்டு நடந்தே, நோய் கண்ட கேழ்வரகுக் கதிர்களை மூட்டைகட்டிக் கொண்டுவந்தது இன்னொரு சம்பவம். பெரியவர். தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து பேசினார். பாதிக் கதிர் பதராகப் போய்விட்டது, மீதியைக் காப்பாற்ற வழி உண்டா என்பது அவர் கேள்வி. ஐயா கதிரின் கழுத்தில் இருந்த கறுப்பைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. இதற்கு விடியற்காலைப் பனி எவ்வளவு பிடிக்கும், வானம் மூட்டமாக இருந்தால் எப்படிப் பரவும், பயிர் நெருக்கமாக நின்றால் எவ்வளவு சௌகரியம் என்று நிறுத்தாமல் பேசினார். பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நீங்கள் என் பக்கமா அதன் பக்கமா என்று கேட்டார். வேறு யாராக இருந்தாலும் உடனே பதில் சொல்லியிருப்பார்கள். இவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். அவர் யோசித்து முடிப்பதற்குள் பெரியவர் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான்தான் வாசல்வரை ஓடிப்போய், விதையை அடுத்த முறை தள்ளித் தள்ளி விதைக்கும்படியும், நோய் கண்ட தாளை வயலில் விடாமல் எரிக்கும்படியும் சொன்னேன். ஐயாவின் பேச்சில் எல்லாம் இருந்தது. நோயின் வசதிக்காகச் சொன்னதைத் தலைகீழாகத் திருப்பிக்கொண்டால் போதும்.

அவர் எங்களைவிட்டுப் போய் வருஷங்களாகிவிட்டன. மைசூர்ப் பக்கம் ஏதோ ஒரு மரத்துக்குப் புதிதாக நோய் கண்டது என்று கேள்விப்பட்டு, ஊர் பார்க்கப் போகிற பிள்ளை மாதிரி பவுரிங்பேட்டை ரயிலில் ஏறினார். இப்போது சுரங்கத்துக்கு மின்சாரம் வந்துவிட்டது. முட்டுமரங்களைப் பட்டை உரித்து, தார் பூசி இறக்குகிறார்கள். அவர் இருந்த காலத்தில் அப்படியில்லை. பச்சை மரம் பட்டையோடு இறங்கும். உளுத்த மரத்தை எடுக்க நேரமில்லாமல் பக்கத்திலேயே புதுமரத்தை நிறுத்துவார்கள். பழையதிலிருந்து புதியதற்கு நூல்நூலாகப் பூசணம் போவதை அவர் எனக்கு மைக்ராஸ்கோப்பில் காட்டினார். மரத்துக்குள் அறை அறையாக இருக்கிறது. சுவரைத் துளைத்துக்கொண்டு ஒவ்வொரு அறைக்கும் அது போகிறது. கெட்ட மரத்தை வெளியே கொண்டுவந்தே ஆகவேண்டும் என்று அவரும் எழுதிக்கொடுத்தார், அப்பாவும் சொன்னார். கீழே வேலை நிற்கக்கூடாது என்பது சுரங்கத் தலைவரான கேப்டன் துரையின் பதில்.

அந்த நிலையில்தான் அம்மன் வந்தாள்.

அந்தக் கோடையில் எங்கள் லைனில் அம்மை கண்டிருந்தது. டாக்டரோடு வீடுவீடாகப் போய் அம்மை குத்தியவள் நான். அம்மை கண்ட வீட்டில் அதை நோய் என்று சொல்லமாட்டார்கள். அம்மா வந்திருக்கிறாள் என்பார்கள். உரக்கப் பேசமாட்டார்கள், தாளிக்கமாட்டார்கள், அடிக்க மாட்டார்கள், எதையும் வெட்டமாட்டார்கள். உடம்பில் எழும்புவது கொப்புளமல்ல, முத்து. அது இறங்கியதும் வேப்பிலைத் தண்ணீர் ஊற்றி, கூழ் ஊற்றி, அம்மாவை மரியாதையாக வழியனுப்புவார்கள். அந்தப் பயம் நெஞ்சில் ஆறுவதற்குள், மழைக்குப் பிறகு ஒருநாள், கீழ் லெவலில் வேலைக்குப் போகிற வழியில் இருந்த முட்டுமரங்கள் வரிசையாக முத்துப் போட்டிருந்தன. வெள்ளை வெளேரென்று, பட்டாணி பட்டாணியாக, தலையிலிருந்து கால்வரை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் முதலில் பார்த்தவர் டிராலி தள்ளுகிற முனுசாமி. அவர் தலைப்பாகையை அவிழ்த்துவிட்டாராம். அடுத்த ஷிப்டில் ஒவ்வொரு மரத்திலும் வேப்பிலை கட்டியிருந்தது. அதற்கடுத்த ஷிப்டில் மஞ்சள் துணி.

இனியும் விடக்கூடாது என்று கேப்டன் துரையிடம் உத்தரவு வாங்கி, அந்த மரங்களை மாற்ற அப்பா ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார். ஆட்கள் கோடரியைக் கீழே வைத்துவிட்டார்கள். எங்களைப் போல வேதத்துக்கு வந்த கிறிஸ்தவர்கள் இரண்டுபேர் அதில் உண்டு; அவர்களும் வைத்துவிட்டார்கள். யோசேப்பு மட்டும், தனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் விஷயம் தெரிந்தால் பெண்டாட்டி வீட்டுக்குள் விடமாட்டாள் என்று விளக்கம் சொன்னானாம். அப்பா கோடரியின் பின்பக்கத்தால் ஒரு மரத்தை மெல்லத் தட்டினார். நல்ல மரம் கணீரென்று பேசும். இது பூசணிக்காயைத் தட்டியதுபோல் இருந்தது. இரண்டாவது மரமும் அப்படியே.

ஒரு முட்டுமரத்தைத் தனியாளாக மாற்ற முடியாது. கேப்டன் துரை ஆட்களை மிரட்டினார், கேட்கவில்லை. மரவேலை நடக்காவிட்டாலும் பாறை வேலை நடக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். ஆக, எல்லோரும் அந்த மரங்களுக்குக் கீழேயே போய்வந்தார்கள். அவற்றை வெட்டத்தான் பயம், கீழே நடக்கப் பயமில்லை. அம்மா தாங்கிப் பிடித்திருக்கிறாள் என்றார்கள். அப்பா வீட்டில் பேசுவது குறைந்தது. என் அம்மா என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, “தட்டினா ஓசை வரல,” என்று மட்டும் சொன்னார்.

நான் பூசணம் ஐயாவைத்தான் நம்பியிருந்தேன். அவர் கீழே போய்ப் பார்த்து, இது வெறும் பூசணம் என்று நாலு வார்த்தை சொன்னால் ஆட்கள் தெளிவார்கள் என்று எண்ணினேன். அவர் ஆட்களை இறக்கும் கூண்டான கேஜில் ஏறிக் கீழே போனார். ஒரு ஷிப்டு முழுவதும் மேலே வரவில்லை. அங்கே நடந்ததை அப்பா சொன்னார். போனவுடன் மெழுகுவத்தியைத் தூர வைக்கச் சொன்னார், சூடு ஆகாது என்று. மூச்சுப் படாமல் வாயைத் துணியால் கட்டிக்கொண்டார். உரக்கப் பேசினவனை உதட்டில் விரல் வைத்து அடக்கினார். முழங்காலிட்டு, பூதக்கண்ணாடியை நெற்றிக்கு நேராகப் பிடித்து, ஒவ்வொரு முத்தாகப் பார்த்தார். சோற்று மூட்டையைப் பிரிக்கவே இல்லை. நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். படித்த மனிதர்களில் அம்மாவுக்கு இப்படி ஊழியம் செய்கிறவரை அவர்கள் கண்டதில்லை.

மேலே வந்தவர் நேராக மருந்தறைக்கு வந்தார். சேறும் சந்தோஷமுமாக நின்றார். தன் ஆயுசில் பார்க்காத ஜாதி என்றார். இன்னும் இரண்டு வாரம் யாரும் தொடாமல் இருந்தால் காய்த்துவிடும், காய்த்ததை இதுவரை யாரும் வரைந்ததில்லை என்றார். வெட்டமாட்டோம் என்று நிற்கிறார்களே, எவ்வளவு நல்ல ஜனங்கள் என்று மெச்சினார்.

நான் கையிலிருந்த மருந்துப் பொடியை மடித்து முடித்தேன். பிறகு அந்த வழியாக நடக்கிறவர்களின் பெயரைச் சொன்னேன். முனுசாமி. அவர் தம்பி கோவிந்தன். யோசேப்பு. துளை போடுகிற ராமன், அவன் மச்சான். கடைசியாக மரவேலை மேஸ்திரி, எங்கப்பா.

அவர் என்னை ஆறுதலாகப் பார்த்தார். “பயப்படாதீங்கம்மா. இது மனுஷங்களுக்குத் தொத்தாது.”

“தொத்தாதுங்க ஐயா. பாறை இறங்கும்.”

அந்த மரங்கள் எதற்காக அங்கே நிற்கின்றன என்பது அவர் நினைவுக்கு வர எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருந்தது என்பதை அவர் முகத்திலேயே பார்த்தேன். நோயாளிகள் உட்காரும் பலகையில் போய் உட்கார்ந்தார்.

“மேஸ்திரி தட்டிப் பாத்தாரா?”

“பாத்தாரு. ஓசை வரல.”

அன்று மைக்ராஸ்கோப் பக்கம்கூடப் போகவில்லை. பிறகு எழுந்து, சாயங்காலம் வீட்டுக்கு வருகிறேன், ஆட்களையும் வரச்சொல்லுங்கள் என்றார். வாசல்படியில் திரும்பி, ஒரு வாரம்கூட விட்டுவைக்க முடியாதா என்று கேட்டார். அவரே முடியாது என்று தலையாட்டிக்கொண்டு போனார்.

சாயங்காலம் எங்கள் வாசலில் கூட்டம். அவர் பூசணம் என்று சொன்னால் ஒருவரும் நம்பப்போவதில்லை. அம்மன் என்று பொய் சொன்னால் அப்பா எழுந்து உள்ளே போய்விடுவார். இரண்டுக்கும் நடுவே எனக்கு வழி தெரியவில்லை. முனுசாமிதான் ஆரம்பித்தார்.

“ஐயா, அம்மாகூடவே குந்திக்கினு இருந்தீங்க. இன்னா சொல்றா? எப்ப தண்ணி ஊத்திக்கிறா?”

ஐயா தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். “ரொம்பப் பசிங்க. அந்த மரத்துல இருந்த சத்தெல்லாம் தின்னாச்சு. இனிமே பக்கத்து மரத்துக்குத்தான் போகணும். அங்க வச்சிருக்கக் கூடாது. மேல வெயிலுக்குக் கொண்டாந்துடணும். வெயிலும் காத்தும் பட்டா தானா இறங்கிடும்.” பிறகு, “நான் கூடவே இருக்கேன்,” என்றார். அவர் சொன்னவற்றில் ஒவ்வொன்றையும் நான் மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்கிறேன். பொய் ஒன்றுமில்லை. அப்பா எழுந்து போகவில்லை.

முனுசாமி வெயிலும் கூழும் சரி என்றார். வெட்டுவதுதான் முடியாது, அம்மா குடியிருக்கிற இடத்தில் கோடரி விழக்கூடாது. அப்போது யோசேப்பு, ரம்பத்தால் அறுத்தால் அது வெட்டு ஆகுமா என்று கேட்டான். இதன்மேல் பெரிய விவாதம் நடந்தது. கடைசியில் முனுசாமியின் மாமியாரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அந்தம்மா யோசித்து, “ஓங்கி வெட்டக்கூடாது, அடிக்கக்கூடாதுன்னுதான் இருக்குது. ரம்பம் எங்கடா அடிக்குது? மஞ்சாத் தடவிக்கினு அறுங்க,” என்று தீர்ப்புச் சொன்னாள். கம்பெனி ரம்பங்களுக்கு மஞ்சள் பூசுவது என் அம்மா தலையில் விழுந்தது. எங்கள் சபை உபதேசியார் கேள்விப்பட்டு வந்து, விசுவாசி வீட்டில் இது என்ன என்று அப்பாவைக் கேட்டார். துரு பிடிக்காமல் இருக்க என்று அப்பா சொன்னார்.

மறுநாள் முதல் ஷிப்டில் இறங்கினார்கள். முதலில் பட்டை உரித்த புதுமரம் நிறுத்தி, ஆப்பு இறுக்கி, பாரம் புதியதன்மேல் ஏறிய பிறகு பழையதை அறுக்க வேண்டும் என்பது அப்பாவின் முறை. நான் வேலை முடிந்து கேஜ் ஏறி இறங்கும் ஷாஃப்ட் குழியின் வாசலுக்குப் போனபோது பெண்கள் கூழும் வேப்பிலைக் குடமுமாக நின்றார்கள். பம்பை அடிக்க ஆரம்பித்திருந்தார்கள். கேப்டன் துரை சத்தம் கேட்டு வெளியே வந்தார். பம்பையைப் பார்த்தார். கேஜிலிருந்து இறங்குகிற மரத்தைப் பார்த்தார். இங்கே என்ன நடக்கிறது என்று என்னைக் கேட்டார். உங்கள் உத்தரவுப்படி கெட்ட மரங்களை அகற்றுகிறார்கள் என்றேன். அதற்கு எதற்குக் கூழ் என்று கேட்க வாயெடுத்ததைப் பார்த்தேன். கேட்கவில்லை. நடக்கட்டும் என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

மரங்களை முற்றத்தில் மஞ்சள் துணி விரித்துப் படுக்கவைத்தார்கள். வெயில் பட்டதும் முத்துகள் வியர்க்கத் தொடங்கின. ஐயா ஓடிப்போய் ஒரு குடையைக் கடன்வாங்கிவந்து அவற்றின்மேல் விரித்தார். தான் வெயிலில் முழங்கால் மடித்து உட்கார்ந்தார். இடது கையில் குடை, வலது கையில் பென்சில், முழங்காலில் காகிதம். சுருங்கிக் கறுப்பதற்குமுன் வரைந்துவிட வேண்டும் என்று அவசரம். அம்மனுக்குக் குடை பிடிப்பதைப் பார்த்ததும் சுற்றி நின்ற ஆண்கள் எல்லோரும் தலைப்பாகையை அவிழ்த்தார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். அவருக்கு எதுவும் காதில் விழவில்லை.

கேஜ் ஏறி ஏறி இறங்கியது. ஒவ்வொரு தடவையும் வருகிற முகங்களைப் பெயர் சொல்லி எண்ணினேன். கோவிந்தன். ராமன். யோசேப்பு. முனுசாமி. அப்பா வரவில்லை. கடைசி மரம் பாக்கி என்றார்கள். வெயில் மேற்கே சாய்ந்தது. பம்பைக்காரர்கள் தாங்களாகவே நிறுத்திவிட்டார்கள். அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். மஞ்சள் என் கையிலும் ஒட்டியது.

கடைசிக் கேஜ் வந்தது. அதில் மரம் இரண்டு துண்டாக இருந்தது. ரம்பம் பட்டதுமே உடைந்துவிட்டதாம். அதன் பக்கத்தில் அப்பா, தலை முதல் கால்வரை சேறு. ஒரு குவளைக் கூழை வாங்கி நின்றவாக்கிலேயே குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு முற்றத்துக்கு நடந்தார். ஐயாவின் இடது கையில் குடை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதற்குக் கீழே முத்துகளில் பாதி கறுத்துவிட்டிருந்தது.

“குடுங்கய்யா, நான் புடிக்கிறேன். நீங்க படத்த எழுதுங்க.”

ஐயா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் குடையைக் கொடுத்தார். அப்பா பிடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து உபதேசியார் எங்கள் சபைக் கோயிலுக்குப் போகிற வழியில் வந்து நின்றார். அம்மா பதறிப்போய், உபதேசியார் பார்க்கிறார் என்று அப்பாவுக்குக் கேட்கும்படி முணுமுணுத்தாள்.

“பாக்கட்டும். மரமெல்லாம் மேல வந்துடுச்சி,” என்றார் அப்பா.

உபதேசியார் குடையைப் பார்த்தார், இரண்டாக உடைந்த மரத்தைப் பார்த்தார், அப்பாவின் சேற்றைப் பார்த்தார். பிறகு வெயில் கண்ணைக் கூசுகிறது என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, அவரும் வந்து குடைக்குள் நின்றுகொண்டார்.